வாசகர் கேள்வி – பதில்: டிரம் கோர் அணிகளும் உச்சப் பிரிவும்

கேள்வி: என் தங்கை மகன் அமெரிக்காவில் டிரம் கோர் அணி ஒன்றில் டிரம்பெட் வாசிக்கிறான். ஓப்பன் கிளாஸ் பிரிவைச் சேர்ந்த அவர்களுடைய அணி, ஆகஸ்ட் மாதப் போட்டியில் வேர்ல்ட் கிளாஸ் அணிகள் இரண்டைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றது. ஆனாலும் மேல் பிரிவில் அவர்களுக்கு இடம் இல்லை. நன்றாக வாசித்தவர்களை மேலே ஏற்றாமல் இருப்பது எந்த வகையில் நியாயம்?
— சென்னை வாசகர்

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் மதிப்பெண்ணும் பிரிவும் இரு வேறு விஷயங்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள், கொடியும் மரத்துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு ஆகிய மூன்று பிரிவினரும் கால்பந்து மைதானத்தில் இடைவிடாமல் நகர்ந்தபடியே பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றை நிகழ்த்துவதே டிரம் கோர் கலை. கிளாரினெட், சாக்ஸபோன் போன்றவற்றுக்கு இதில் இடம் இல்லை. இந்த அணிகள் ஒன்றுகூடி உருவாக்கிய டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் என்ற டி.சி.ஐ. அமைப்புதான் போட்டிகளை நடத்துகிறது. அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்தது. 2009 முதல் இறுதிச் சுற்று இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடந்து வருகிறது.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை உங்கள் மருமகனின் அணிக்கு முன்னால் எந்தச் சுவரும் இல்லை. சாம்பியன்ஷிப் வாரத்தில் இரு பிரிவு அணிகளும் ஒரே மைதானத்தில் இறங்குகின்றன. முதல் 25 இடங்களைப் பெறுபவை அரையிறுதிக்கும், அதிலிருந்து 12 அணிகள் இறுதிக்கும் போகின்றன. கலிபோர்னியாவின் வான்கார்டு கேடட்ஸ், புளூ டெவில்ஸ் பி ஆகிய ஓப்பன் கிளாஸ் அணிகள் வேர்ல்ட் கிளாஸ் அணிகள் சிலவற்றைத் தாண்டி அந்த 25க்குள் வந்திருக்கின்றன. நூற்றுக்கு வழங்கப்படும் மதிப்பெண்ணில் ஒட்டுமொத்த விளைவுக்கு 40, இசைக்கு 30, காட்சிக்கு 30 என்ற பகிர்வு இரு பிரிவினருக்கும் புரிந்த ஒன்றுதான்.

வேர்ல்ட் கிளாஸ் என்ற தகுதி, ஓர் அணி ஒரு நாள் மாலையில் எவ்வளவு நன்றாக வாசிக்கிறது என்பதற்கான பரிசு அன்று. ஒரு கோடைக்காலம் முழுவதும் தன் பிள்ளைகளைப் பத்திரமாக நாடு முழுக்க அழைத்துச் சென்று திரும்பக் கொண்டு வந்து சேர்க்கும் வலு அந்த அணியை நடத்தும் அமைப்புக்கு இருக்கிறதா என்பதற்கான ஒப்புதலே அது. மேல் பிரிவுக்கு வர விரும்பும் ஓப்பன் கிளாஸ் அணி தானாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகு மைதானத்தில் அதன் தரம் பார்க்கப்படுகிறது. அதோடு நிர்வாகக் குழு, வரவு செலவுக் கணக்கு, பயண ஏற்பாடு, பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகியவையும் ஆராயப்படுகின்றன. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரின் மியூசிக் சிட்டி அணி இப்படித்தான் ஓப்பன் கிளாஸிலிருந்து 2018இல் வேர்ல்ட் கிளாஸுக்கு வந்தது.

கணக்கையும் சமையலறையையும் பார்த்துத்தான் ஓர் இசைக்குழுவை மதிப்பிட வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். வேர்ல்ட் கிளாஸ் அணி ஒன்று எப்படி வாழ்கிறது என்று பாருங்கள். மே மாதத்தில் பயிற்சி முகாம் தொடங்குகிறது. ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை ஏறத்தாழ நாள்தோறும் ஊர் மாற்றம். அதிகபட்சமாக 165 பேர் ஓர் அணியில் வாசிக்கலாம். பயிற்சியாளர்கள், ஓட்டுநர்கள், தன்னார்வலர்களையும் சேர்த்தால் இருநூறு பேருக்கு மேல் ஆகிவிடும். இரவில் பேருந்திலேயே பயணம், விடியற்காலையில் ஏதோ ஒரு பள்ளியின் ஜிம் தரையில் கொஞ்ச நேரத் தூக்கம், அதன் பிறகு பகல் முழுக்க வெயிலில் ஒத்திகை, மாலையில் போட்டி. சமையலறையாகவே மாற்றப்பட்ட டிரெய்லர் லாரியிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை உணவு வர வேண்டும். ஒரு கல்யாணப் பந்தியைத் தினமும் ஒரு புது ஊரில் போடுவது போன்ற வேலை அது. ஜூலை மாத டெக்சாஸ் வெயிலில் டியூபாவையோ டெனர் டிரம்மையோ சுமந்தபடி மணிக்கணக்கில் ஓடும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தண்ணீரும் நிழலும் மருத்துவ உதவியும் நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பயணத்தின் நடுவில் டீசலுக்குப் பணம் தீர்ந்துபோனால் வீட்டிலிருந்து இரண்டாயிரம் மைல் தொலைவில் தவிப்பவர்களும் இவர்கள்தாம். பெற்றோர் பல ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்தி அனுப்புகிறார்கள். அந்தத் தொகை கோடை முடியும் வரை போதுமா என்று முன்கூட்டியே கேட்பவர் ஒருவர் இருக்கத்தான் வேண்டும்.

ஆகவே உங்கள் மருமகனின் அணி மறுக்கப்பட்டதா, விண்ணப்பிக்கவே இல்லையா என்று முதலில் அவனிடம் கேளுங்கள். பல அணிகள் குறுகிய பயணமே தங்களுக்கு உகந்தது என்று விரும்பியே ஓப்பன் கிளாஸில் இருக்கின்றன. மேலே சொன்ன இரண்டு கலிபோர்னிய அணிகளும் அங்கேயே இருப்பதற்குக் காரணம், அவற்றின் தாய் அமைப்புகள் ஏற்கெனவே வேர்ல்ட் கிளாஸில் ஓர் அணி வைத்திருப்பதுதான். இளையவர்கள் கற்றுத் தேறுவதற்கான இடமாக இரண்டாவது அணி இயங்குகிறது.

கேள்வி: தொடக்கத்திலிருந்தே இந்த முறைதானா?
— திருச்சி வாசகர்

பதில்: இல்லை. ஆரம்பக் காலத்தில் முந்தைய ஆண்டில் பெற்ற இடமே எல்லாவற்றையும் தீர்மானித்தது. இறுதிச் சுற்றுக்கு வந்த 12 அணிகள் வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள். 13 முதல் 25 வரை வந்தவை இணை உறுப்பினர்கள். ஓர் ஆண்டு சறுக்கினால் அமைப்பில் இருந்த குரலும் போய்விடும். பின்னர் அணியின் அளவைப் பொறுத்துப் பிரிவுகள் வந்தன: 60 பேருக்கு உட்பட்ட சிறிய அணிகள் மூன்றாம் பிரிவிலும், அதைவிடப் பெரியவை இரண்டாம் பிரிவிலும், நாடு தழுவிப் பயணம் செய்பவை முதல் பிரிவிலும் இருந்தன. 2008இல் முதல் பிரிவு வேர்ல்ட் கிளாஸ் ஆயிற்று. மற்ற இரண்டும் ஓப்பன் கிளாஸ் என்று ஒன்றாயின. ஒரே கோடையின் வெற்றி தோல்வியை மட்டும் பார்த்த பழைய முறையைவிட, அமைப்பின் நிலைத்தன்மையைப் பார்க்கும் இன்றைய முறையே பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பணபலத்தைப் பார்த்து அனுமதிப்பது, பெரிய அணிகள் தங்கள் இடத்தைக் காத்துக்கொள்ளும் வழியாகிவிடாதா?
— கோவை வாசகி

பதில்: அந்த ஆபத்து உண்மையிலேயே உண்டு. 2010இல் முன்னணியில் இருந்த ஏழு அணிகள் சேர்ந்து, அதிகாரத்திலும் வருவாயிலும் தங்களுக்குக் கூடுதல் பங்கு கேட்டு ஒரு திட்டத்தை முன்வைத்தன. கூட்டத்தை ஈர்ப்பவர்கள் நாங்களே என்பது அவர்கள் வாதம். மற்ற அணிகள் கடுமையாக எதிர்த்தன. திட்டம் அந்த வடிவில் நிறைவேறவில்லை. நிறைவேறாமல் போனது நல்லதே என்று நினைக்கிறேன், ஏனென்றால் மேலே இருப்பவர்களே வாசலின் அகலத்தையும் முடிவு செய்யத் தொடங்கினால் புதிய அணி ஒன்று வளர்ந்து வருவதற்கு வழியே இருக்காது.

ஆனால் நிதிநிலையைப் பார்ப்பது பணக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம் அன்று. பெயரும் புகழும் உள்ள அணிகளே பணச் சிக்கலில் விழுந்திருக்கின்றன. ஏழு முறை சாம்பியனான சாண்டா கிளாரா வான்கார்டு, நிதி நெருக்கடியால் 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் களம் இறங்கவில்லை. அடுத்த ஆண்டுதான் திரும்பி வந்தது. 1934இல் தொடங்கப்பட்டு, டி.சி.ஐ. பட்டத்தைப் பத்து முறை வென்ற கேடட்ஸ் அணி (மேலே சொன்ன வான்கார்டு கேடட்ஸ் வேறு), ஒரு வழக்கின் சுமையும் பணத் தட்டுப்பாடும் சேர்ந்து அழுத்தியதால் 2024இல் நிரந்தரமாக மூடப்பட்டது. அந்த ஆண்டு அதில் வாசிக்கத் தேர்வாகியிருந்த பிள்ளைகள், பருவம் தொடங்கச் சில மாதங்களே இருந்த நிலையில் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

எனவே கேட்க வேண்டியது, சேமிப்பு எவ்வளவு என்பதைவிட வருவாய் எங்கிருந்து, எவ்வளவு ஒழுங்காக வருகிறது என்பதே. சில அணிகள் பல பத்தாண்டுகளாக பிங்கோ விளையாட்டு அரங்குகள் நடத்தி அந்த வருமானத்தில் இயங்குகின்றன. சில நன்கொடையாளர்களை நம்பியிருக்கின்றன. சில ஏறத்தாழ உறுப்பினர் கட்டணத்தை மட்டுமே நம்பியிருக்கின்றன. கடைசி வகைதான் மிகவும் ஆபத்தானது. முப்பது பேர் குறைவாகச் சேர்ந்தாலே அந்த ஆண்டின் கணக்கு கவிழ்ந்துவிடும். அத்தகைய அணியை இன்னும் ஓரிரு ஆண்டு பொறுத்திருக்கச் சொல்வதை நான் அவமதிப்பாகக் கருத மாட்டேன். அப்படிச் சொல்லும்போது எந்தக் குறையை எப்போதைக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் தெரியாத மறுப்புதான் சிறிய அணிகளின் மனத்தைக் கசக்க வைக்கிறது.

கேள்வி: இந்தியாவிலிருந்து போய்ச் சேர முடியுமா? வயது வரம்பு என்ன?
— மதுரை மாணவர்

பதில்: முடியும். தேர்வில் வென்றால் எந்த நாட்டவரும் சேரலாம். ஜப்பானிலிருந்து பலர் வந்து வாசித்திருக்கிறார்கள். 22ஆவது பிறந்தநாள் ஜூன் 1ஆம் தேதிக்கு முன் வருமானால் அந்த ஆண்டு வேர்ல்ட் கிளாஸிலோ ஓப்பன் கிளாஸிலோ வாசிக்க இயலாது. விசா, பயணச் செலவு, கட்டணம் ஆகியவற்றுக்கான ஏற்பாட்டைத் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: ஒருமுறை உச்சப் பிரிவை விட்டு இறங்கிய அணி மீண்டும் ஏற முடியுமா?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: ஏற முடியும் என்பதற்கு விஸ்கான்சின் மாநிலம் லா கிராஸ் நகரின் புளூ ஸ்டார்ஸ் அணியே சான்று. 1972இல் நடந்த முதல் சாம்பியன்ஷிப்பில் அனாஹைம் கிங்ஸ்மென் அணிக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்ற அணி அது. 1979க்குப் பிறகு இறுதிச் சுற்றைப் பார்க்காமல், கீழ்ப் பிரிவுகளில் சிறிய அணியாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தது. ஆள் பலத்தையும் நிர்வாகத்தையும் மெல்லக் கட்டியெழுப்பிக்கொண்ட பிறகே மேல் பிரிவுக்குத் திரும்பியது. 2008இல் மீண்டும் இறுதிச் சுற்றுக்கு வந்து எட்டாம் இடம் பிடித்தது. சிறிய அணியாக இருந்த அந்த ஆண்டுகளை வீழ்ச்சி என்று எண்ணி அதன் நிர்வாகிகள் கதவைச் சாத்தியிருந்தால், லா கிராஸ் நகரத்துக்கு இன்று ஓர் அணி இருந்திருக்காது.