பாட்டி அழவில்லை, நாங்கள் ஏன் சோக இசை சேர்த்தோம்?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு படிக்கிறேன். தமிழ்மொழிப் பாடத்துக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, ரப்பர்த் தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஆறு நிமிடப் பல்லூடகப் படைப்பு ஒன்று செய்தோம். பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்த என் பாட்டியிடம் முக்கால் மணி நேரம் பேசிப் பதிவு செய்தோம். அதில் ஒரு நிமிடம்கூட முழுதாகச் சேர்க்கவில்லை. வகுப்பில் எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டில் பார்த்த பாட்டி மட்டும், "எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. நான் என்ன, அழுதுகொண்டா பால் வெட்டினேன்?" என்று கேட்டார். இப்போது இந்தப் படைப்பிலிருந்து என்ன கற்றோம் என்று ஆளுக்கு இரண்டு பக்கம் சிந்தனை மீட்சி எழுத வேண்டும். மற்றவர்கள் 'கூட்டு முயற்சியின் அருமையைக் கற்றேன்' என்று எழுதிவிட்டார்கள். பாட்டி சொன்னதை எழுதலாமா? எழுதினால் இசை சேர்த்த தோழி வருத்தப்படுவாளே?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: அன்புத் தங்கைக்கு, எழுது. அதைத்தான் எழுத வேண்டும்.

கடிதத்துடன் நீ அனுப்பியிருந்த படைப்பைப் பார்த்தேன். பாட்டியின் ஒலிப்பதிவையும் கடைசிவரை கேட்டேன். முக்கால் மணி நேரப் பேச்சை ஆறு நிமிடத்துக்குள் அடக்கினால் பெரும்பகுதி போகத்தான் செய்யும். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. எது போயிற்று, அதன் இடத்தில் எது வந்தது என்பதைத்தான் நீ யோசிக்க வேண்டும்.

முதல் ஒன்றரை நிமிடத்தில் 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் மரம் வருகிறது. பிறகு 1948 ஜூன் 16 அன்று உங்கள் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த அவசரகாலப் பிரகடனமும். தகவல்கள் சரியானவைதான். ஆனால் அவை எந்த நூலகத்திலும் கிடைக்கும். பாட்டி சொன்னது உன் கைப்பேசியில் மட்டும்தான் இருக்கிறது.

பதிவின் நடுவில் ஓர் இடம் வருகிறதே, பால்வெட்டும் உளியை எப்படிப் பிடிப்பது என்று பாட்டி சொல்லும் இடம். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழாகச் சாய்த்து இழுக்க வேண்டும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கூடிப்போனால் மரத்தில் காயம் பட்டுவிடும், கங்காணியிடம் ஏச்சு வாங்க வேண்டும். "இருட்டில் கண்ணுக்கு என்ன தெரியும்? கைதான் சொல்லும்" என்கிறார். அந்த இடத்தை நான் மறுபடியும் ஓட்டிக் கேட்டேன்.

அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டைக்குள் நேராக ஏறுவதில்லை, சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அவற்றில் அதிகமானவற்றைத் திறக்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் வளர்படலத்தைத் தொடாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட்டு உளி நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளர்ந்துவிடும் என்பதால்தான் விடியும் முன்னே வேலைக்காட்டுக்குப் போனார்கள். தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு மில்லிமீட்டர் கணக்கில், ஒரு காலைப்பொழுதுக்குள் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டியவர் உன் பாட்டி.

உங்கள் படைப்பில் அந்த இடத்தில் பாட்டியின் குரல் தேய்ந்து வயலின் எழுகிறது. உச்சி வெயிலில் எடுத்த ஏதோ ஒரு தோட்டத்தின் படம். அதன்மேல் 'கண்ணீரில் நனைந்த வாழ்க்கை' என்ற எழுத்து. அவர் தன் கைத்திறனைச் சொல்லிக்கொண்டிருந்தார், தங்கையே. நீங்கள் அவரைப் பரிதாபத்துக்கு உரியவராக ஆக்கிவிட்டீர்கள். பாட்டி கேட்ட கேள்வி அதைப் பற்றித்தான்.

தோட்டத்தில் துன்பமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறைந்த கூலி உண்மை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் உண்மை. பாட்டியே, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடியதைச் சொல்கிறார். அதைச் சொல்லும்போது சிரிக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் இறந்ததைச் சொல்லும்போதுதான் குரல் கம்முகிறது. எங்கே வருத்தம், எங்கே பெருமை என்பதை அவர் குரலே காட்டிவிடுகிறது. தோட்டம் என்றாலே சோகம் என்று நம் மேடைகளும் நாடகங்களும் பழக்கிவிட்டன. உங்கள் கை தானாக அந்த இசையைத் தேடிப் போயிருக்கிறது. ஏன் போனது என்று யோசித்து எழுதினாலே உன் இரண்டு பக்கமும் நிரம்பிவிடும். எந்த மென்பொருளைப் பயன்படுத்தினோம், யார் எந்த வேலையைச் செய்தோம் என்பதை நாலு வரியில் முடித்துவிடு.

தோழியின் விஷயம். இசையைத் தேடி எடுத்தவள் அவள்தான். ஆனால் நால்வரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதானே வகுப்பில் காட்டினீர்கள்? 'நாங்கள் சேர்த்தோம்' என்றே எழுது. எழுதுவதற்கு முன் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, படம் எதுவும் இல்லாமல், அந்த உளி பற்றிய பகுதியை மட்டும் இருவரும் கேளுங்கள். எழுதி முடித்ததும் ஆசிரியையிடம் கொடுக்கும் முன்பே அவளிடம் படிக்கக் கொடு. அவள் வருத்தப்படலாம். உன் எழுத்தில் குற்றச்சாட்டு இல்லாவிட்டால் அது நீடிக்காது என்றே நினைக்கிறேன். மதிப்பெண் குறையுமா என்றால், அதற்கு நான் உறுதி தர முடியாது. குறைந்தாலும் இதையே எழுது என்பேன்.

முடிந்தால் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் திருத்திச் செய்யுங்கள். ஊர்ப்பக்கம் யாராவது சிறுதோட்டக்காரர் இன்னும் ரப்பர் வைத்திருப்பார். அனுமதி கேட்டு, பாட்டியை அங்கே அழைத்துப் போய், உளியைக் கையில் கொடுங்கள். முகத்தை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் படம் எடுங்கள். ஒலிப்பதிவுக்குக் கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் போதும். யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால், முதலில் பாட்டியின் சம்மதம் வேண்டும்; அந்த வயலின் இசை பிறருக்குச் சொந்தமானது என்பதால் அதை எடுத்துவிட வேண்டும்.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வெட்டாத முழு ஒலிப்பதிவைக் கைப்பேசியிலிருந்து இன்னும் இரண்டு இடங்களுக்குப் படியெடுத்து வை. பாட்டியின் முழுப்பெயர், அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர், டிவிஷன் (தோட்டப் பிரிவு), எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, பதிவு செய்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதையும் படம் எடுத்துக் கூடவே வை. தோட்டத்துப் பெயரை மறந்துவிடாதே. பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. துரைமார் வைத்த பெயர் ஒன்று இருக்கும், நம் மக்கள் கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும். இரண்டையும் பாட்டியிடமே கேட்டு எழுதிக்கொள்.