பள்ளிக்கூடத் தபால்: அசிஸ்டென்ட் மிஸ்ஸுக்கு என்ன சம்பளம்?

கேள்வி: வணக்கம் டீச்சர். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் யு.கே.ஜி. வகுப்புக்கு அசிஸ்டென்ட் மிஸ்ஸாக இருக்கிறேன். பி.ஏ. தமிழ் படித்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. இப்போது சம்பளம் 6,500 ரூபாய், மே மாதம் அதுவும் கிடையாது. பள்ளியில் முப்பது பேருக்கு மேல் வேலை பார்க்கிறோம், யாருக்கும் பி.எஃப். இல்லை. சேரும்போது வாங்கிய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் அவர்களிடமே இருக்கின்றன. இப்போது, ‘ஆறு மாத மாண்டிசோரி கோர்ஸ் முடித்து லைசென்ஸ் வாங்கினால்தான் அடுத்த வருடம் வேலை’ என்கிறார்கள். கோர்ஸுக்கு 18,000 ரூபாய். அப்படி ஒரு லைசென்ஸ் கட்டாயமா? எங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் ஏதாவது உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த 18,000 ரூபாயை இப்போது கட்டிவிடாதீர்கள், அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

நம் மாநிலத்தில் வகுப்பறை உதவியாளருக்கு லைசென்ஸ் என்று ஒன்று இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., கல்வித்தகுதி வகுத்திருப்பது ஆசிரியருக்குத்தான். மழலையர் வகுப்பு ஆசிரியர் என்றால் பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண், அதோடு மழலையர் கல்வியில் இரண்டு வருடப் பட்டயம். ஒன்று முதல் ஐந்து வரை என்றால் இரண்டு வருட டி.எல்.எட்., அதாவது தொடக்கக் கல்விப் பட்டயம், மேலே டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி. ஆறு மாதக் கோர்ஸ் இந்த இரண்டில் எதற்கும் ஈடாகாது. மாண்டிசோரி முறையைக் கற்றுக்கொள்வது நல்லதுதான், குழந்தைகளோடு இருப்பவருக்கு அது உதவும். ஆனால் பள்ளிக்குத் தேவையென்றால் பள்ளிதான் செலவு செய்து அனுப்ப வேண்டும். கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளத்தை உங்களிடம் கேட்பது அநியாயம்.

குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருகிறேன். இங்கே நான் சொல்லப்போவது உங்களுக்கு வருத்தம் தரும். கோவாவில் ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சுந்தராம்பாள் என்ற ஆசிரியை உச்ச நீதிமன்றம் வரை போனார். கற்பிப்பது உடலுழைப்போ எழுத்தர் வேலையோ தொழில்நுட்ப வேலையோ அல்ல, ஆகவே தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் தொழிலாளி ஆகமாட்டார் என்று 1988-ல் தீர்ப்பு வந்தது. 1996-ல் ஹரியானா பள்ளிகள் தொடுத்த வழக்கில், குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லா நிறுவனங்களுக்கும் பொது. ஆனாலும் பணியாளர் யார் என்று விளக்கும் இடத்தில் கற்பித்தல் தனியாகச் சொல்லப்படவில்லை. இந்த இடைவெளியில்தான் உங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். ஊதியச் சட்டத்தைக் காட்டினால் ‘நீங்கள் டீச்சர்’ என்பார்கள். டீச்சர் சம்பளம் கேட்டால் ‘நீங்கள் ஹெல்பர்தானே’ என்பார்கள்.

நான் தலைமை ஆசிரியையாக இருந்தபோது அசிஸ்டென்ட் மிஸ்களின் வேலையைக் கூடவே இருந்து பார்த்தவள். காலையில் வாசலில் வீறிட்டு அழும் பிள்ளையை அம்மாவின் கையிலிருந்து வாங்குவது அவர்கள். பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, டிபன் பாக்ஸ் திறந்து ஊட்டுவது, டைரி எழுதுவது, பென்சில் பிடிக்கத் தெரியாத விரலைப் பிடித்து ‘அ’ போடவைப்பது எல்லாம் அவர்கள்தான். மெயின் மிஸ் லீவு என்றால் அன்றைக்கு வகுப்பே அவர்களுடையது. இது கற்பித்தல் இல்லையென்றால் வேறு எது? இதற்கு ஒரு தகுதியும் ஒரு சம்பளமும் வரையறுக்காமல் விட்டது அரசின் குறை என்பதே என் கருத்து. அரசின் வழியும் மெச்சும்படி இல்லை. 2012-ல் பகுதி நேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அது 12,500 ஆக 2024 வரை போராட வேண்டியிருந்தது.

ஆனால் நீங்கள் டீச்சரா ஹெல்பரா என்ற கேள்வியே எழாத இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று பி.எஃப். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் பள்ளிக்கு அது கட்டாயம். 15,000-க்குக் கீழ் சம்பளம் வாங்கும் உங்களைச் சேர்க்காமல் விட முடியாது. உங்கள் கணக்குக்கு மாதம் 780 ரூபாய் உங்கள் பங்கு, அதே அளவு பள்ளியின் பங்கு. மதுரை வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். தனியாகப் போக பயமாக இருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்று 2009-ல் சட்டம் திருத்தப்பட்டு, 1997 ஏப்ரலில் இருந்தே செல்லும் என்றானது. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஐந்து வருடம் முடித்தவர் தானாக ராஜினாமா செய்தாலும் வாங்கலாம். 6,500-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 3,750. ஏழு வருடத்துக்கு 26,250 ரூபாய். மே மாதம் சம்பளம் இல்லாததால் உங்கள் சர்வீஸ் அறுந்துவிடாது. வருடத்துக்கு 240 நாள் போதும், சம்பளத்தோடு வரும் ஞாயிற்றுக்கிழமைகளும் அதில் சேரும். பள்ளி தர மறுத்தால் தொழிலாளர் துறைக்குப் போகலாம்.

இதற்கெல்லாம் நீங்கள் அங்கே வேலை பார்த்த அத்தாட்சி வேண்டும். சம்பளம் கையில் தருவதாக இருந்தால் இந்த மாதமே வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஐ.டி. கார்டு, உங்கள் பெயர் அச்சான ஆண்டு விழா அழைப்பிதழ், வருடம் போட்ட வகுப்பு குரூப் போட்டோ, ‘மிஸ் நாளைக்கு சீக்கிரம் வாங்க’ என்று ஆபீஸிலிருந்து வந்த வாட்ஸ்அப் வரைக்கும் பத்திரப்படுத்துங்கள். இதைச் செய்து முடிக்கும்வரை பள்ளியில் சண்டை வேண்டாம்.

சர்டிபிகேட்டுகளை வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. என்னென்ன சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதி, திருப்பித் தரும்படி, டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஒரு நகலும் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். சான்றிதழ் கைக்கு வந்தபின் மேலே படிக்க மனமிருந்தால், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் டி.எல்.எட். பற்றி விசாரியுங்கள். இரண்டு வருடம் என்றாலும் அதைப் படித்தால் டெட் எழுதலாம்.

கேள்வி: பி.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு இரண்டாம் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். டெட் தாள் 1 எழுதி இதே வகுப்புக்கு ஆசிரியை ஆகலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியாது அம்மா. தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் படிப்புக்கு உரியது தாள் 2, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும். 150-க்கு 90 எடுக்க வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதைவிடக் குறைந்தாலும் போதும். ஒருமுறை தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். கணக்கும் அறிவியலும் கேட்கும் பகுதிக்கு இன்றே பழைய வினாத்தாளை எடுத்து உட்காருங்கள்.