கேளுங்கள், சொல்கிறேன்: விக்டோரியா காலத்து மர்மமும் காதலும்

(சிவில் வழக்கறிஞராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற, தீராத நாவல் வாசகி ஒருவர் இந்தப் பகுதியில் பதில் எழுதுகிறார். இம்முறை விக்டோரியா காலத்து நாவல்கள் குறித்த கடிதங்களுக்கு மட்டும்.)

அம்மா, இப்போது எழுதும் ஆங்கில எழுத்தாளர்களும் மர்மக் கதை என்றால் விக்டோரியா காலத்துக்கே ஓடுகிறார்களே, ஏன்? மூடுபனியும் குதிரைவண்டியும் தவிர அங்கே என்னதான் இருக்கிறது?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

மூடுபனியை ஒதுக்கிவிட்டுப் பார், மகளே. விக்டோரியா அரியணை ஏறியது 1837, மறைந்தது 1901. குற்றம் செய்தவன் தப்பி ஓடப் புதிய வழியும், அவனைப் பிடிக்கப் புதிய வழியும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்துசேர்ந்த காலம் அது. 1845 புத்தாண்டு நாளில் ஜான் டாவெல் என்பவன் ஸ்லவ் ஊருக்கு அருகே ஒரு பெண்ணுக்கு நஞ்சு கொடுத்துவிட்டு லண்டன் ரயிலில் ஏறிவிட்டான். சில ஆண்டுகள் முன்னதாக நடந்திருந்தால் அவ்வளவுதான், நகரக் கூட்டத்தில் கரைந்திருப்பான். ஆனால் அந்தத் தண்டவாளத்தை ஒட்டித் தந்திக் கம்பி போட்டிருந்தார்கள். குவேக்கர் என்ற கிறித்தவச் சபையாரைப் போல உடுத்திய ஒருவன் முதல் வகுப்பில் வருகிறான் என்ற செய்தி, ரயிலுக்கு முன்பே பாடிங்டன் நிலையத்துக்குப் போய்விட்டது. மார்ச் மாதம் தூக்கில் போட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. லண்டன் காவல்துறையில் துப்பறியும் பிரிவு 1842-இல்தான், எட்டே பேருடன் தொடங்கியது. அந்த எட்டுப் பேரில் ஒருவர் ஜாக் விச்சர், ஒரு தோட்டக்காரரின் மகன். 1860-இல் ரோடு ஹில் என்ற பெரிய வீட்டில் ஒரு சிறு குழந்தை கொல்லப்பட்டபோது அவரை அனுப்பினார்கள். காணாமற்போன ஓர் இரவு உடையை வைத்து, அந்த வீட்டின் பதினாறு வயது மகள் கான்ஸ்டன்ஸ் கென்ட் மீது அவர் சந்தேகம் கொண்டார். நாடே கொதித்தது. தொழிலாளி வீட்டில் பிறந்தவன் கனவான் வீட்டுப் பெண்ணின் உள்ளாடைகளை எண்ணுவதா என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. பெண்ணை விட்டுவிட்டார்கள், விச்சரின் பெயர் கெட்டது. 1865-இல் அவளே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

நல்ல விக்டோரியா நாவல்கள் எல்லாவற்றிலும் இந்தக் காட்சி ஏதோ ஒரு வடிவில் இருக்கும்: கூடத்துக்குள் நுழையத் தகுதியில்லாதவன் என்று கருதப்பட்ட ஒருவன், அந்தக் கூடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறான். கொலைகாரன் யார் என்பதைவிட அந்தக் கேள்விகள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

நாயகிக்குச் சொத்து வந்ததுமே அவளை மணக்க நான்கு பேர் சூழ்ச்சி செய்கிறார்கள். மணந்தால் என்ன? "சொத்து என்னுடையது" என்று அவள் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடுமே!
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

அவள் சொல்லலாம் ஐயா. சட்டம் காதில் போட்டுக்கொள்ளாது. இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, திருமணம் ஆனதும் மனைவியின் பணம், நகை, மேசை நாற்காலி வரை கணவனுடையவை. நிலம் இருந்தால் அதன் வருமானமும் நிர்வாகமும் அவன் கையில். அவள் தையல் வேலை செய்து சம்பாதித்த கூலிகூட அவனுக்கே. நம் பழைய இந்து சட்டத்திலேயே ஸ்திரீதனம் என்று பெண்ணுக்குத் தனியுரிமை இருந்ததை எண்ணிப் பாருங்கள். அங்கே பணக்காரத் தகப்பன்மார் மகள் பெயரில் அறக்கட்டளை ஏற்படுத்தி, நம்பகமானவர்களிடம் ஒப்படைத்து, மருமகன் கை படாமல் காக்க முடிந்தது. அந்த வசதி இல்லாதவர்களுக்குக் கதி இல்லை.

1870-இல் வந்த சட்டம் மனைவியின் கூலியை அவளுக்கே ஆக்கியது. 1882-இல் வந்த சட்டம்தான் பெரியது. 1883 முதல் நாளிலிருந்து மணமுடித்த பெண், தன் சொத்து முழுவதையும் தானே வைத்துக்கொள்ளலாம். ஆகவே நாவலின் முதல் பக்கத்தில் ஆண்டு போட்டிருந்தால் அதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 1860-இல் ஒரு பெண் "சரி, உன்னை மணக்கிறேன்" என்று சொல்வதும், 1885-இல் இன்னொருத்தி அதையே சொல்வதும் ஒன்றல்ல. முன்னவள் தன் வீட்டுச் சாவி, பணப்பெட்டி, பிழைப்பு எல்லாவற்றையும் அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் அந்தச் சொல்லைச் சொல்கிறாள். அவன் கொடியவன் என்று பிறகு தெரிந்தாலும் மீள்வது கடினம். 1857-இல் விவாகரத்து நீதிமன்றம் வந்தது. மனைவி தவறினாள் என்று காட்டினால் கணவனுக்குப் போதும். கணவன் தவறினான் என்று மட்டும் மனைவி காட்டினால் போதாது. கொடுமையோ கைவிட்டுச் சென்றதோ கூடச் சேர வேண்டும்.

சொத்து வழக்குகளிலேயே வாழ்நாளைக் கழித்தவள் நான். எனக்கு இந்தக் காதல் கதைகள் நெஞ்சைப் பிடிப்பது இதனால்தான். அங்கே நம்பிக்கை என்பது வாய்ப்பேச்சு அல்ல, பத்திரத்தில் போடும் கையெழுத்து.

மனைவியை இழந்த நாயகனும் அவளுடைய தங்கையும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அதை ஏதோ கொலைக் குற்றம்போல மறைக்கிறார்கள். நம் வீடுகளில் பெரியவர்களே பேசி முடித்துவைக்கும் சம்பந்தம் அல்லவா இது?
– குடும்பத்தலைவி, சிவகாசி

உங்கள் வியப்பு நியாயமானது. தாயை இழந்த குழந்தைக்குச் சித்தியே தாயாகட்டும் என்று நாம் நினைப்போம். அங்கே திருச்சபைக் கணக்கில் மனைவியின் தங்கை கணவனுக்கும் தங்கை. 1835-இல் வந்த சட்டம், அதற்குப் பிறகு நடக்கும் இத்தகைய திருமணங்கள் செல்லவே செல்லாது என்றது. அதை மாற்றக் கோரி நாடாளுமன்றத்தில் மசோதா மேல் மசோதா தோற்றது. 1907-இல்தான் தடை நீங்கியது, விக்டோரியா இறந்து ஆறு ஆண்டு கழித்து.

வெளிநாடு போய் மணந்தவர்கள் உண்டு. வில்லியம் ஹோல்மன் ஹன்ட் என்ற பெரிய ஓவியர், இறந்த மனைவியின் தங்கை ஈடித்தை 1875-இல் சுவிட்சர்லாந்தில் மணந்தார். ஆனால் அதற்கும் முன்பே, 1861-இல், புரூக் வழக்கில், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் குடியிருப்பவர்கள் டென்மார்க்கில் போய் மணந்தாலும் அது செல்லாது. பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் ஆகமாட்டார்கள், வாரிசுரிமை போய்விடும். இந்த ரகசியம் தெரிந்த வேலைக்காரனோ தூரத்து உறவினனோ ஒருவன் இருந்தால் போதும், மிரட்டிப் பணம் பறிக்கும் கதை தானாகவே அமைந்துவிடும். உங்கள் நாவலில் அந்த இருவர் ஏன் ஒரே கூடத்தில் உட்காரக்கூட அஞ்சுகிறார்கள் என்று இப்போது விளங்கும்.

எப்போது பார்த்தாலும் ஆர்சனிக்! எழுத்தாளர்களுக்கு வேறு நஞ்சே தெரியாதா?
– மருந்துக்கடை உரிமையாளர், ஈரோடு

உங்கள் தொழில்காரர்களின் அலமாரியிலிருந்துதான் அது போனது. எலிக்கு, ஈக்கு என்று சொல்லி யாரும் வாங்கலாம், மலிவு. வாந்தியும் பேதியும் காலராவை ஒத்திருக்கும். 1836-இல் மார்ஷ் என்ற வேதியியலாளர் உடலில் ஆர்சனிக் இருப்பதைக் காட்டும் சோதனையை வெளியிட்டார். 1851-இல் சட்டம் வந்தது. வாங்குபவர் கடைக்காரருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், சிறிய அளவில் விற்பதில் புகைக்கரியோ நீலமோ கலந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு எத்தனை நாவல்களில் சாட்சி சொல்கிறது தெரியுமா?

நடந்த கதை ஒன்று எந்தக் கற்பனையையும் மிஞ்சும். கிளாஸ்கோவில் கட்டடக்கலைஞர் ஒருவரின் மகள் மேடலின் ஸ்மித், லான்ஜெலியே என்ற ஏழை எழுத்தரை ரகசியமாகக் காதலித்தாள். கடிதம் கடிதமாக எழுதினாள். 1840-இல் ஒரு பென்னி தபால் வந்தபிறகு காதலுக்குச் செலவு குறைந்துவிட்டதே. பிறகு தகப்பனார் விருப்பப்படி வசதியான ஒருவரை மணக்கச் சம்மதித்து, கடிதங்களைத் திருப்பிக் கேட்டாள். அவன் தர மறுத்தான். உன் தந்தையிடமே காட்டுவேன் என்றான். 1857 மார்ச்சில் அவன் ஆர்சனிக்கால் இறந்தான். அவள் ஆர்சனிக் வாங்கியதற்குப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. கடிதங்கள் நீதிமன்றத்தில் உரக்கப் படிக்கப்பட்டன. ஆனால் கடைசி இரவில் இருவரும் சந்தித்தார்கள் என்பதை அரசுத் தரப்பால் நிறுவ முடியவில்லை. அன்று ஸ்காட்லாந்துக்கே உரியதாக இருந்த "நிரூபிக்கப்படவில்லை" என்ற தீர்ப்புடன் வெளியே வந்தாள். 1928 வரை வாழ்ந்தாள். அந்தச் சாட்சியத்தை வைத்து ஒருவரைத் தூக்குக்கு அனுப்ப நானும் சம்மதித்திருக்கமாட்டேன். ஆனால் அந்தக் கடிதங்களைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த அவனையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் உண்மையிலேயே பெண் துப்பறிவாளர்கள் இருந்தார்களா?
– வாசகர், பெங்களூரு

காவல்துறையில் இல்லை. லண்டன் காவலில் பெண்கள் சேர்ந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு. ஆனால் விவாகரத்து நீதிமன்றம் வந்தபின் தனியார் விசாரணை அலுவலகங்கள் பெருகின. அவற்றில் பெண்கள் வேலை செய்தார்கள். பெண் துப்பறிவாளரை நாயகியாக்கிய கதைத் தொகுதிகள் 1864-லேயே வந்துவிட்டன. ஆகவே கதையில் அப்படி ஒருத்தி வருவது பிழையல்ல. அவள் தனியாக இரவில் திரிந்தும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால்தான் பிழை. அதே போல, லண்டன் காவல் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியது 1901-இல், கல்கத்தாவில் தொடங்கி நான்கு ஆண்டு கழித்து. 1880-இல் நடக்கும் கதையில் இன்ஸ்பெக்டர் கைரேகைக் கோப்பைப் புரட்டினால் அந்தப் புத்தகத்தை நூலகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எதில் தொடங்கலாம்? பழைய ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் ஓடும்.
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

தம்பி, வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்'. கதை தொடங்குவது 1799-இல், ஸ்ரீரங்கப்பட்டணத்தில், திப்புவின் கோட்டை விழுந்த நாளில். அங்கே ஓர் ஆங்கிலேய அதிகாரி கொள்ளையடித்த வைரம் யார்க்‌ஷயர் வீடு ஒன்றில் ரேச்சல் என்ற பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து, அன்றிரவே மறைகிறது. காணாமற்போன இரவு உடை, வெளியிலிருந்து வரும் துப்பறிவாளர், பெரிய வீட்டின் மௌனம் எல்லாம் ரோடு ஹில் வழக்கை நினைவூட்டும். அந்தக் காலத்து ஆங்கிலக் கதைகளின் சுவை நம் பாட்டனாருக்கும் தெரிந்ததுதான். ரெயினால்ட்ஸின் நாவல்களைத் தழுவி ஆரணி குப்புசாமி முதலியார் எழுதியவற்றைத் தமிழ்நாடு ஒரு காலத்தில் விழுந்து விழுந்து படித்தது.

மெதுவாக ஓடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த நாவலே 1868 ஜனவரி முதல் ஆகஸ்டு வரை வாராவாரம் வந்த தொடர். நீங்களும் வாரம் இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் முதிய காரியஸ்தர் பெட்டரெட்ஜ் கதையை விட்டு விலகி விலகிப் பேசுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். சார்ஜன்ட் கஃப் வந்து, கதவில் கலைந்திருக்கும் வண்ணப்பூச்சைக் காட்டி "இது எப்படிக் கலைந்தது" என்று கேட்கும் இடம் வரை போய்விட்டால் பிறகு நான் சொல்ல வேண்டியதில்லை. முடித்ததும் எனக்கு எழுதுங்கள்: ரேச்சல் அத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தது சரிதானா?