கேட்ஸ்பியின் மாளிகை எதைக் குறிக்கிறது?

கதையில் வரும் ஒரு பொருள், தன் பயன்பாட்டைத் தாண்டி ஒரு மனிதரின் ஆசையையோ அச்சத்தையோ சுமந்து நிற்கும்போது அதைக் குறியீடு என்கிறோம். 1925-இல் வெளிவந்த ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஜே கேட்ஸ்பி வாழும் மாளிகை அப்படிப்பட்டது.

கேட்ஸ்பி பணமில்லாத இளம் இராணுவ அதிகாரியாக இருந்தபோது டெய்சியைக் காதலித்தார்; டெய்சியோ பெருஞ்செல்வரான டாம் புக்கானனை மணந்துகொண்டார். பின்னர் மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சாராய வணிகத்தில் பணம் ஈட்டிய கேட்ஸ்பி, விரிகுடாவின் எதிர்க்கரையில் டெய்சி வாழ்கிறார் என்பதற்காகவே இந்த வீட்டை வாங்குகிறார். பிரிந்துபோன ஓர் உறவினர் வந்துவிட மாட்டாரா என்ற ஏக்கத்தில் ஊரையே விருந்துக்கு அழைப்பவரைப் போல, முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் கோடையில் கதவைத் திறந்து வைக்கிறார். ஆகவே இங்கே செல்வம் காதலுக்கான கருவி மட்டுமே.

அந்தச் செல்வத்தின் பொய்மையையும் வீடே காட்டிக்கொடுக்கிறது. நூலகத்தில் இருப்பவை உண்மையான புத்தகங்கள்தாம். ஆனால் அக்காலப் புத்தகங்கள் பலவற்றில் ஓரம் சேர்ந்தே இருந்த பக்கங்களைப் படிப்பவர்தாம் வெட்டிப் பிரிக்க வேண்டும்; இவற்றின் பக்கங்களோ வெட்டிப் பிரிக்கப்படவே இல்லை, அதாவது எவரும் படித்ததில்லை. நாவலின் மிகக் கூர்மையான விவரம் இதுவே என்பது என் கருத்து. டெய்சிக்கு விருந்துகள் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அவை நின்றுபோகின்றன. கேட்ஸ்பியின் இறுதிச் சடங்குக்கும் விருந்தினர்களில் ஏறக்குறைய யாருமே வருவதில்லை.

இம்மாளிகையைக் காதலிக்காகக் கேட்ஸ்பியே கட்டினார் என்று பலர் எண்ணுகிறார்கள். நாவலின்படி, அதைக் கட்டியவர் ஒரு பீர் ஆலை முதலாளி.