டவருக்கு நாலு கால் வைக்கிற இடம் போதுமா?

"ஒரு மின் திட்டத்துக்கு நிஜமாகவே எவ்வளவு நிலம் போகும், சொல்கிற கணக்கை நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கு யாரோ வரைபடத்தோடு வந்துபோயிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வயலுக்கு மேலே 400 கிலோவோல்ட் மின்பாதை போகிறது. அளக்க வந்தவர், "டவர் கால் ஊன்றுகிற இடம்தான் போகும், நாலைந்து சென்ட்" என்றார். பொய்யில்லை. ஆனால் கம்பிக்குக் கீழே விடவேண்டிய பட்டை இருபுறமும் சேர்த்து ஏறக்குறைய 50 மீட்டர் அகலம். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கே 12 ஏக்கருக்கு மேல் வருகிறது. நிலம் இன்றும் என் பெயரில்தான். உழலாம், விதைக்கலாம். உயரமாக வளரும் மரம் கூடாது, வீடு கூடாது. அப்பா வரிசை பிடித்து வைத்த மரங்களை ஒரே நாளில் அறுத்துத் தள்ளினார்கள். அங்கே கட்ட நினைத்த வீடு நினைப்போடு நின்றுவிட்டது. தூறல் விழுந்தால் கம்பி சடசடவென்று பொரியும், அந்தச் சத்தத்தில்தான் களை எடுக்கிறோம்.

பாகம் பிரித்தபோது கம்பி போகாத பாதி அண்ணனுக்குப் போனது.  

"அப்போ உனக்குக் கரண்ட் வேண்டாமா?" என்று ஒருவர் கீழே எழுதுவார். வேண்டும் ஐயா. சார்ஜில் போட்ட போனில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்வது கணக்கைப் பற்றி. சோலாருக்கு மெகாவாட்டுக்கு 4, 5 ஏக்கர் என்றால் பெரும்பாலும் அத்தனையும் வேலிக்குள் போய்விடும். காற்றாலை அதற்கு நேர் எதிர். ஒன்றின் காற்றை இன்னொன்று கெடுக்காமல் இருக்க, இறக்கை சுற்றும் விட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு தள்ளித் தள்ளி நடுகிறார்கள். காகிதத்தில் பரப்பு மிரட்டும், இடையிலோ விவசாயம் நடக்கும். நிலக்கரி நிலையம் அடக்கமாகத் தெரியும், சுரங்கத்தையும் சாம்பல் குளத்தையும் சேர்க்காத வரை. அணையில் இன்னும் மோசமான வித்தியாசம்: கானாவில் 1965-இல் முடிந்த அகோசோம்போ அணை சுமார் 1,000 மெகாவாட்டுக்காக 8,500 சதுர கிலோமீட்டரை ஏரியாக்கியது, 80,000 பேர் வரை இடம்பெயர்ந்தார்கள். பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து கட்டிய இத்தாய்ப்பு அணையோ 14,000 மெகாவாட், ஏரி சுமார் 1,350 சதுர கிலோமீட்டர்.

அதனால் வந்தவரிடம் எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்காதீர்கள். பட்டை எத்தனை மீட்டர், அதற்குள் கிணறு வெட்டலாமா, கொட்டகை போடலாமா, பழுது பார்க்க லாரி இறங்கினால் மிதிபட்ட பயிருக்கு யார் பணம் தருவார்கள், இதையெல்லாம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எங்களிடம் வந்தவர் நல்ல மனிதர்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தோம், அப்புறம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டோம்.