குடி பார்த்த வேலைகளை இனி யார் பார்ப்பது?

கேள்வி: வலிகாமத்தில் மேசன் வேலை செய்கிறேன். வயது 44. 16 வருடமாக நாளுக்கு அரைப்போத்தல் சாராயம் குடித்தேன். சென்ற வருடம் நல்லூர்க் கொடியேற்றத்தன்று சத்தியம் பண்ணி விட்டேன். 8 மாதம் ஆகிறது. விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் நித்திரை இல்லை. வந்தாலும் கெட்ட கனவு. தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது. பின்னேரம் ஆறு மணியானால் என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலையால் வந்தால் மனிசி இப்பவும் கிட்ட வந்து மணந்து பார்க்கிறாள். அடுத்த மாதம் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். கனடாவிலிருந்து அண்ணர் வருகிறார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் எடுத்தால் என்ன? ஒரேயொரு நல்ல விசயம், முந்தி அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு படித்த மகள் இப்போது விறாந்தையில் இருந்து படிக்கிறாள்.

பதில்: "விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வைத்தியர்களாகிய நாங்களும் அந்தப் பிழையைச் செய்வதுண்டு. 16 வருடமாகச் சாராயம் உங்களுக்குக் கேடு மட்டும் செய்யவில்லை, சில வேலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தது: உங்களை உறங்க வைத்தது, பின்னேரத்தைக் கழித்துத் தந்தது, நாலு பேரோடு இருக்க வைத்தது, நினைக்க விரும்பாதவற்றை நினைக்காமல் பார்த்துக்கொண்டது. எல்லாவற்றையும் மிக மோசமாகத்தான் செய்தது, ஆனாலும் செய்தது. அதை வேலையை விட்டு நிறுத்திய பிறகு அத்தனை வேலைகளும் ஆளில்லாமல் கிடக்கின்றன. நீங்கள் எழுதியிருக்கும் துன்பங்களில் பெரும்பாலானவை அதன் விளைவே. உங்கள் மனவுறுதி குறைந்துவிட்டது என்பதற்கு அவை அடையாளம் அல்ல.

முதலில் நித்திரை. பழைய தோட்டக் கிணறுகளில் துலா இருந்ததை, ஒரு நுனியில் வாளியும் மறுநுனியில் எதிர்ப்பாரமுமாக அந்த நீள மரம் நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூளையும் அப்படித்தான். மதுசாரம் மூளையைத் தணிக்கும் பாரம். அது ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்தில் ஏற, சமநிலையைக் காப்பாற்றுவதற்காக மூளை மறுபக்கத்தில் விழிப்பையும் பதற்றத்தையும் கூட்டும் எதிர்ப்பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே வந்தது. நீங்கள் சாராயத்தை ஒரே நாளில் இறக்கிவிட்டீர்கள். மூளை தன் எதிர்ப்பாரத்தை ஒரே நாளில் அவிழ்க்காது. அதில் பெரும்பகுதி முதற் கிழமைகளிலேயே குறைந்துவிடும் என்றாலும், நீண்டகாலம் குடித்தவர்களுக்கு நித்திரைக் குழப்பமும் எரிச்சலும் பல மாதங்கள் நீடிப்பது வழக்கம். நித்திரை முழுமையாகத் திரும்ப ஒரு வருடம் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில், இன்னும் குடித்துக்கொண்டிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நாள்தோறும் கூடுதலாகக் குடிப்பவர் கோயிலில் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து அன்றே தானாக நிறுத்துவது ஆபத்தாக முடியலாம். 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம் தொடங்கும், முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு ஆள் இடம் தெரியாத பிதற்றல் வரும். அதைப் பேய் பிடித்ததென்று பார்வை பார்க்கக் கொண்டுபோய் நேரத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. காலையில் எழுந்ததும் கை நடுங்குபவர் வைத்தியசாலையில் விடுதியில் இருந்தபடியே விடுவது நல்லது. அங்கே விற்றமின் பி1 கொடுப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி. கடிதம் எழுதிய உங்களுக்கு அது நேராமல் போனது அதிர்ஷ்டம்.

கனவுகளுக்கு வருவோம். மதுசாரம் கனவு காணும் நித்திரையை அமுக்கி வைக்கும். அது விலகியதும் அடக்கப்பட்ட கனவுகள் பெருக்கெடுக்கும். குடிப்பதாகவே கனவு கண்டு, விழித்து, வாயில் அந்த ருசி இருப்பதுபோல் உணர்ந்து, குற்றவுணர்வோடு விடியும்வரை குந்தியிருப்பவர்கள் பலர். அந்தக் கனவு உங்களுக்கு வந்தால் அது குடித்ததாகாது, குடிக்கப்போவதன் அறிகுறியும் ஆகாது. ஆனால் "கெட்ட கனவு" என்று இரண்டே சொல்லில் நீங்கள் கடந்துபோயிருப்பது எது என்று எனக்குத் தெரியாது. வலிகாமத்தில் உங்கள் வயதுடையவர் என்றால், 1995 ஒக்ரோபர் 30 இரவில் போரால் இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நகர்ந்த சனத்துக்குள் நீங்களும் ஒரு பாடசாலைப் பிள்ளையாக இருந்திருக்கக்கூடும். எங்கள் பகுதி ஆண்களில் பலர் குடிக்கத் தொடங்கியது கொண்டாட்டத்துக்காக அல்ல, இரவில் கண்ணை மூடுவதற்காக. உங்கள் கனவில் திரும்பத் திரும்ப வருவது நடந்த ஒன்றுதான் என்றால், வெடிச்சத்தம் கேட்டாலே பகலிலும் உடம்பு துள்ளுகிறது என்றால், அது குடியை விட்டதால் வந்தது அல்ல. முன்பே இருந்தது, இப்போது மூடி கழன்றிருக்கிறது. அதற்குத் தனியான சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. காலம் ஆற்றும் என்று காத்திருக்க வேண்டாம்.

நித்திரைக் குளிசையைச் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள். டயசிபாம், அல்பிரசோலாம் போன்றவை மூளையில் மதுசாரம் வேலை செய்த அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. போத்தலை வைத்துவிட்டுக் குளிசைச் சரையைத் தூக்கிய கதையாகிவிடும். நாலு மணிக்குப் பிறகு சாயம் கூடிய பிளேன்ரீயை நிறுத்துங்கள், இரவு எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள். சிறிய விசயங்கள்தான், ஆனால் குளிசையைவிட நீடித்து நிற்பவை.

இனிப்பில் ஆசை கூடியிருந்தால் அதையிட்டுப் பயப்பட வேண்டாம். அரைப்போத்தல் சாராயத்தில் சுமார் 100 கிராம் மதுசாரம் இருக்கிறது, அதாவது 700 கலோரி, ஏறக்குறைய அரைக் கிலோ சோற்றின் சக்தி. உடம்பு அதைத்தான் தேடுகிறது. பனங்கட்டியோடு தேத்தண்ணி குடியுங்கள். நீரிழிவு இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் கொடுக்கப் போகும் அன்றே ஈரலையும் பார்க்கச் சொல்லுங்கள். மதுவால் ஈரலில் படியும் கொழுப்பு, தழும்பாக மாறும் முன்பு நிறுத்தினால், சில கிழமைகளிலேயே கரையத் தொடங்கும். இரத்த அழுத்தமும் இறங்கும்.

பின்னேரம் ஆறு மணி இதைவிடக் கடினமானது. வேலைத்தலத்திலிருந்து வீட்டுக்கு வரும் பாதையில் எத்தனை தவறணை என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இல்லாத ஒழுங்கை இருந்தால், அரை மைல் கூடினாலும் அதால் வாருங்கள். மேசன்மாருக்குச் சனிக்கிழமையில்தான் கிழமைக் கூலி கைக்கு வரும். காசும் களைப்பும் பசியும் கூட்டாளிகளும் ஒரே நேரத்தில் சேரும் அந்த ஒரு மணித்தியாலத்தில் வழுக்கியவர்களே அதிகம். வேலை முடிய முன்பே எதையாவது சாப்பிடுங்கள், கூலியை வாங்கிய கையோடு சைக்கிளில் ஏறுங்கள். இது கள்ளுக் காலமும்கூட. "கள்ளு உடம்புக்குக் குளிர்மை, அது குடியில் சேராது" என்று யாராவது சொல்வார்கள். ஒரு போத்தல் கள்ளில் சுமார் 30 கிராம் மதுசாரம் இருக்கும். மூன்று போத்தல் கடந்தால் உங்கள் பழைய அரைப்போத்தல்தான். சுண்ணாம்பு இட்டுப் புளிக்காமல் இறக்கும் கருப்பநீர் வேறு, ஆனால் சுண்ணாம்பு குறைந்து புளிக்கத் தொடங்கியது கருப்பநீர் அல்ல. அந்தச் சந்தேகமே உங்களுக்கு வேண்டாம்.

மனைவி மணந்து பார்ப்பது உங்களைச் சுடுகிறது என்பது புரிகிறது. ஒரு குற்றமும் செய்யாமல் நாள்தோறும் சோதனைச் சாவடியைத் தாண்டுவதுபோல் இருக்கும். ஆனால் துலாவில் எதிர்ப்பாரம் கட்டியது உங்கள் மூளை மட்டும் அல்ல. 16 வருடமாக உங்கள் சைக்கிள் சத்தத்தைக் கேட்டே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டவர் அவர். கடனையும் பிள்ளையின் படிப்பையும் தனியே சமாளித்தவரும் அவர். குடியை விட்ட ஆண்கள் பலர் செய்யும் பிழை, விட்ட மறுமாதமே வீட்டுத் தலைவரின் கதிரையைத் திருப்பிக் கேட்பது. கேளாதீர்கள். கூலியைக் கேட்காமலே அவர் கையில் கொடுங்கள். வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வாருங்கள், பிந்தினால் தொலைபேசி எடுங்கள். "எட்டு மாதமாகக் குடிக்கவில்லையே" என்று பாராட்டு எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு அது கொடுத்த கடனின் முதல் தவணை மாதிரித்தான் தெரியும். பக்கத்து வீட்டார் யாராவது, சாப்பாட்டில் கலக்கக் குடிமறக்கும் தூள் ஒன்று இருப்பதாக அவரிடம் சொல்லியிருந்தால் அதை மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அப்படிக் கொடுபடும் தூள்களில், மதுவோடு சேர்ந்தால் உடம்பைக் கடுமையாகத் தாக்கும் டைசல்பிராம் என்ற மருந்து இருக்கலாம். அது தெரியாமல் ஒருவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

இனிக் கலியாணம். எங்கள் கலியாணங்களில் மண்டபத்தில் ஆபத்து இல்லை; முதல்நாள் இரவு, பந்தல் வேலை முடிந்த பிறகு பின்வளவில் வெளிநாட்டுப் போத்தல் திறக்கும்போதுதான் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு நேரான பதில்: கொஞ்சமும் வேண்டாம். ஒன்று, நாள்தோறும் குடித்துப் பழகிய மூளை முதல் கிளாஸிலேயே பழைய பாதையைக் கண்டுபிடித்துவிடும். "அன்றைக்கு மட்டும்" என்பதை அளந்து நிறுத்தும் பகுதியைத்தான் மது முதலில் அணைக்கிறது. மற்றது, உங்கள் உடம்பு தாங்கும் அளவு இந்த 8 மாதத்தில் இறங்கிவிட்டது. பழைய அளவை ஊற்றினால் அது உங்களை நினைவிழக்கச் செய்யலாம். அண்ணர் விமானம் ஏறும் முன்பே அவரோடு கதையுங்கள். "எனக்கு ஈரல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், போத்தல் கொண்டுவர வேண்டாம்" என்றால் போதும், முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. முதல்நாள் பகலில் உங்கள் வேலையை முடித்துவிட்டு எட்டு மணிக்கு முன் வீட்டுக்குப் புறப்படுங்கள். கோபிப்பவர்கள் மறுநாள் மறந்துவிடுவார்கள்.

அப்படியும் ஒருநாள் வழுக்கினால் என்ன? இங்கேதான் சத்தியத்தில் எனக்கு ஒரு தயக்கம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் விரதமிருந்து தீர்த்தம் முடிந்த மறுநாளே தவறணைக்குப் போகிறவர்களை நாம் அறிவோம்; நீங்கள் அதைக் கடந்து வந்தவர், அதில் சத்தியத்துக்கும் பங்குண்டு. ஆனால் சத்தியம் ஒருமுறை முறிந்தால் முறிந்ததுதான் என்று நம் மனம் எண்ணுகிறது. "இனி என்ன, போனது போச்சு" என்று மிச்சப் போத்தலும் காலியாகும். சிகிச்சை அப்படி அல்ல. ஒரு கிளாஸ் ஒரு கிளாஸ்தான், 8 மாதத்தை அது அழிக்காது. மறுநாளே கிளினிக்குக்குப் போங்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு, உங்கள் ஈரலின் நிலையைப் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார். சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் மறுநாள்வரைகூடக் காத்திருக்காதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எடுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே போங்கள்.

மகளைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் "ஒரேயொரு" என்ற சொல்லோடு. கதவைப் பூட்டிக்கொண்டு படித்த பிள்ளை, அப்பா வரும் வழியிலேயே கொப்பியை விரித்து வைத்திருக்கிறாள் என்றால், அவள் உங்களை மணந்து பார்க்காமலே முடிவுக்கு வந்துவிட்டாள். ஆறு மணிக்கு என்ன செய்வதென்று கேட்டிருந்தீர்கள். அதே விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு இருங்கள். படிப்பிக்க வேண்டாம், கேள்வி கேட்கவும் வேண்டாம்.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ மனநலக் கிளினிக்குக்குப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். உங்களைப் பற்றிச் சொல்வதற்காக அல்ல. அவரைத் தனியாகப் பத்து நிமிடம் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். 16 வருடத்தில் அவருடைய நித்திரையைப் பற்றி எவரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.