வெல்லம் போட்ட காபி

அன்புள்ள சார்,

பொங்கல் முடிந்த கையோடு தனியாகக் குடகில் இருக்கிற மடிக்கேரி போய்வந்தேன். கோட்டை, ராஜா சீட், ஓம்காரேஸ்வரர் கோயில் எல்லாம் நடந்தே பார்த்தேன். காபி ஊர் என்று பேர்தான். தங்கிய வீட்டில் பாலே இல்லாமல், வெல்லம் போட்டு ஒரு கறுப்புத் தண்ணியைக் கொடுத்தார்கள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. போதாததற்கு வழியெல்லாம் ஏதோ பழம் புளித்த நாற்றம். கும்பகோணத்துக் காபிக்கு நாக்கு ஏங்கிவிட்டது. தனியாகப் போனால் மனம் விரியும் என்கிறார்கள், எனக்கு மூன்றாம் நாளே சலித்தது. தனிப் பயணத்துக்குப் பழகிக்கொள்வது எப்படி?

ர., பாபநாசம்

அன்புள்ள தம்பி,

சலித்தால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான். மைசூரில் மாலை வண்டி ஏறினால் விடிகாலை கும்பகோணம். இதற்கெல்லாம் பயிற்சி எடுப்பார்களா? மனம் விரிவது, சுருங்குவது பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது.

நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கறுப்புத் தண்ணிக்காக. இப்போது திருச்சி நெடுஞ்சாலையில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று ஒரு போர்டு, பளபளவென்று பித்தளை டபரா. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சண்டை ஓடும். உங்கள் கடிதம் அதைக் கிளப்பிவிட்டது.

நம் டெல்டாவில் காபிச் செடி கிடையாது. பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்று நாம் வாங்குகிற கொட்டை வகைகள் எல்லாம் மலையிலிருந்து வருபவை. சிக்கரி பெரும்பாலும் குஜராத் சரக்கு. நம்முடையது பால் ஒன்றுதான், அதுவும் இன்றைக்குப் பாக்கெட்டில் வருகிறது. இந்தியாவின் காபியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விளைவிக்கிற குடகுக்குப் போய், அங்கே காபி சரியில்லை என்று சொல்ல நமக்குத் துணிச்சல் ஜாஸ்தி.

அந்தப் பால் காபியும் டெல்டா முழுக்கக் குடித்ததா என்ன? எங்கள் வீட்டில் நடவு நாளன்று ஒரே ஃபில்டரில் இரண்டு காபி இறங்கும். முதல் டிகாக்ஷன், கள்ளிச்சொட்டுப் பாலோடு கூடத்துக்கு. அதே தூளில் மறுபடியும் மறுபடியும் வெந்நீர் ஊற்றி இறக்கியது, அச்சு வெல்லத்தைத் தட்டிப் போட்டு, அலுமினியத் தூக்குவாளியில் வயலுக்கு. சேற்றில் குனிந்து நின்ற பெண்களுக்கு அந்த வரக்காப்பிதான். தூக்கிக்கொண்டு போகும் வேலை எனக்கு. வாய்க்கால் மதகில் வாளியை இறக்கிவைத்து, மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடிப்பேன். தொண்டையில் கசப்பு நிற்கும்போதே நாக்கில் வெல்லம் வந்து ஒட்டும். வீட்டுக் காபியைவிட எனக்கு அதுதான் பிடித்தது, சொன்னால் அத்தை அடிப்பாள். நடவாட்கள் நிமிர்ந்து முதுகை நீட்டும் நேரத்துக்குள் வாளி காலியாகிவிடும்.

உங்கள் பாட்டி குடித்தது எந்தக் காபி? ஊருக்குப் போனால் விசாரியுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் பக்கத்தில் கூடத்துக்குள் வர விடாத காபியைத்தான் குடகில் தோட்டக்காரர்கள் தாங்களும் குடித்து, விருந்தாளிக்கும் கொடுக்கிறார்கள். வீட்டில் வைத்து உபசரித்ததை ஒரு வாயோடு ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது தம்பி.

அப்புறம் அந்த 'நாற்றம்'. ஜனவரியில் அங்கே ரொபஸ்டா என்கிற காபி வகையைப் பறிக்கிறார்கள். சிவந்த பழத்தை அப்படியே களத்தில் பரப்பி, நாளுக்குப் பல தடவை பலகையால் கிண்டி விடுவார்கள். இரண்டு வாரம்போல ஆகும். முதல் நாட்களில் சதை புளித்து வாசம் வரும், பிறகு தோல் கறுத்துச் சுருங்கும். ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலக்க வேண்டும், அதுதான் பதம். அந்த நேரத்தில் வானம் கறுத்தால் அவர்களும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். 2021 ஜனவரி மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து வயலிலேயே முளைவிட்டதைப் பார்த்த பாபநாசத்துக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் தேடிப் போன காபி ரோட்டோரத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது, நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ராஜா சீட்டுக்கு நடந்திருக்கிறீர்கள்.

தலைக்காவிரிக்குப் போனதாக எழுதவில்லை. மடிக்கேரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான், பாகமண்டலா வழியாக. ஐப்பசி பிறக்கும்போது அங்கே துலா சங்கிரமணத்துக்குக் கூடுவார்கள். அதே மாதம் முழுக்க நம் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் முழுக்கு. சரி, அதற்குத் தனியாக ஒரு கடிதம் வேண்டும்.

இன்னொரு முறை போவதென்றால் கோடையின் முதல் மழை விழுந்து எட்டு, பத்து நாள் கழித்துப் போங்கள். தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும், மல்லிகை போல மணம், சில நாளில் உதிர்ந்துவிடும். அதையும் நாற்றம் என்று எழுதினீர்களானால் பதில் போட மாட்டேன்.